மீசைக்காரனும் கண்ணாடிக்காரனும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் மூத்த மகனுடைய மகள். அவளைப் பெற்றவள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பிள்ளை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. இப்போது காலேஜுக்குப் போகிறாள். மகள்கள் மூன்று பேரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன்கள் இரண்டு பேர். மூத்தவனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். இளையவன் ராஜபாளையத்தில் என்னோடு இருக்கிறான்.

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாவதைத் தாண்டவில்லை. ஆனாலும் பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, கோர்ட்டு சம்மனில் என் பெயர் எல்லாம் யாரையும் கேட்காமல் வாசித்துவிடுவேன். எழுதத்தான் நேரமாகும். ஆகட்டும். எனக்கு என்ன அவசரம்? மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வரைக்கும் என் நேரம்தான்.

எழுத உட்கார்ந்தது ஒரு சீரியலைப் பற்றி. மாமியார் மருமகள் சீரியல் இல்லை. வெட்டுக்குத்து சீரியல். நெட்டில் வருவதைப் பேத்தி டிவியில் போட்டு விடுவாள். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஊரைக் கொன்று போடுகிறார்கள், ஒரு போலீஸ் ஆபீசர் அவர்களைத் துரத்துகிறார், இதுதான் கதை. அண்ணனுக்குப் பெரிய மீசை, தம்பிக்கு மூக்குக் கண்ணாடி. பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். அதனால் நான் மீசைக்காரன், கண்ணாடிக்காரன் என்றே சொல்வேன். வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவும் வந்துவிடுவாள். அவளுக்கு ரத்தம் ஆகாது. அரிவாளை ஓங்கினால் முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வாள். மூடிக்கொண்டே, "அயிபோயிந்தா? முடிஞ்சிருச்சா?" என்று கேட்பாள்.

"இன்னும் இல்ல ஆன்ட்டி, இப்பத்தான் கையை எடுத்திருக்கான்" என்பாள் பேத்தி.

"ராமா! எந்தக் கைடி?"

பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது அவளால். என் மகன் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பான். பேச மாட்டான்.

ஒருநாள் பேத்தி கேட்டாள். "அப்பத்தா, இவனுவ ரெண்டு பேர்ல யாரு ரொம்ப மோசம்? சொல்லு பாப்போம்."

"கண்ணாடிக்காரன்."

"போ அப்பத்தா! அவன் இன்னும் ஒருத்தரக்கூடத் தொடல. மீசைக்காரன் இப்பவே அம்புட்டுப் பேர அறுத்துட்டான்."

"அறுத்துட்டு என்ன செஞ்சான்?"

"குடிச்சான். சுவத்துல முட்டி அழுதான்."

"அழுதாம்லா. அவனுக்குள்ள இன்னும் ஒரு ஆளு மிச்சம் இருக்கான். இந்தக் கண்ணாடிக்காரனப் பாரு, நாயிக்குச் சோறு வைக்கான், கிழவிய ரோடு கடத்தி விடுதான். மொகத்துல ஒண்ணாவது அசையுதா?"

"மீசைக்காரனுக்குக் கோவ வியாதி, கண்ணாடிக்காரன் சைக்கோ. அவ்ளோதான். காலேஜ்ல மேடம் சொன்னாங்க."

"வியாதின்னு சொன்னா மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவாங்கட்டி."

பேத்தி சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. மறுநாள் கண்ணாடிக்காரன் முதல் கொலையைச் செய்தான். தனக்குச் சோறு போட்ட வீட்டிலேயே, கை கழுவிவிட்டு வந்து, அந்த வீட்டுக்காரனைக் கொன்றான். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்படி அப்பத்தா கண்டுபிடிச்சே?" என்றாள். நான் கண்டுபிடிக்கவில்லை, பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வயல் தேவதானத்தில் இருக்கிறது. கண்மாய்த் தண்ணீர், முறைத் தண்ணீர். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று மடையைத் திறந்து அடைப்பார்கள். எங்களுக்கு மேல்வயல் பங்காளி வீட்டுடையது. அந்த வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர் செத்துப்போனார், பெண்டாட்டியும் இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். அந்த மகன்கள் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர்களில் பெரியவன் வாய்க்காரன். ஒவ்வொரு முறைத் தண்ணீருக்கும் எங்கள் வரப்பில் வந்து நின்று, "வெட்டிப் பொலி போட்ருவேன்லே" என்று வேட்டியை மடித்துக் கட்டுவான். வருஷக்கணக்காகக் கட்டினான், ஒரு நாளும் வெட்டவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அவனை மட்டும். அவன் கத்தும்போது பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானே சின்னவன், அவனை யாரும் பார்க்கவே இல்லை. சின்னவன் நல்ல பையன், பெரியவன்தான் கோட்டிக்காரன் என்று ஊரே சொல்லும். அந்த சீரியல் ஆபீசர் சுவர் நிறையப் போட்டோ ஒட்டி, மீசைக்காரன் படத்தைச் சுற்றி வட்டம் போடும்போதெல்லாம் எனக்குச் சேத்தூர் ஸ்டேஷன் போலீஸ்காரர்கள் ஞாபகம்தான் வரும்.

அன்றைக்கு எங்கள் முறை. மூத்த மகன் மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நின்றான். நான் கொஞ்சம் தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். காலை வெயில். சின்னவன் வரப்பு மேல் நடந்து வந்தான், பின்னால் பெரியவன். சின்னவன் சிரித்த முகத்தோடு கேட்டான்.

"என்னண்ணே, சாப்பிட்டாச்சா?"

என் மகன் பதில் சொல்லத் திரும்பினான். சொல்ல வாயைத் திறந்திருந்தான். பிடரியில் விழுந்தது முதல் வெட்டு.

டிவியில் ரத்தம் பீய்ச்சிக்கொண்டு சுவரில் அடிக்கும். ஆட்கள் வசனம் பேசிச் சாவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தேங்காய் உடைக்கிற சத்தம். மகன் மண்டி போட்டு உட்கார்ந்தான், கும்பிடுகிறவன் மாதிரி. கழுத்து வாய் திறந்துகொண்டு நின்றது. பெரியவன் அப்போதுதான் ஊளையிட்டுக்கொண்டே ஓடிவந்து தோளில் ஒன்று போட்டான். அரிவாள் எலும்பில் மாட்டிக்கொண்டது. காலை என் மகன் முதுகில் வைத்து மிதித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் சேற்றில் விழுந்து, அங்கேயே வாந்தி எடுத்தான். சின்னவன் மூன்றாவது வெட்டையும் நிதானமாக, களை வெட்டுகிறவன் போலக் குனிந்து வெட்டினான்.

நான் ஓடிப்போய்க் களைக்கொத்தியால் அவன் முதுகில் அடித்தேன். மண்டையில் அடித்தேன். காது கிழிந்து ரத்தம் வந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். திருப்பி அடிக்கவில்லை. "விடுங்க பெரியம்மா, வழுக்கி விழுந்துருவிய" என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை. என் மகன் அவன் காலடியில் இழுத்துக்கொண்டு கிடக்கிறான், இவன் நான் விழாமல் பார்த்துக்கொள்கிறான். பிறகு உட்கார்ந்து அரிவாளை வாய்க்காலில் கழுவினான். என் மகன் திறந்துவிட்ட தண்ணீர், சிவந்துபோய் எங்கள் வயலுக்குள் பாய்ந்தது. அந்தப் போகத்தை நாங்கள் அறுக்கவில்லை. ஆடு மாடு மேய விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு தேவதானத்து வீட்டைப் பூட்டிவிட்டு ராஜபாளையம் வந்தோம். கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். நேரில் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

இப்போது மறுபடியும் சீரியலுக்கு வருகிறேன். மீசைக்காரனுக்கும் கண்ணாடிக்காரனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். அவள் புருஷனை யாரோ கொன்றபோது போட்டிருந்த சட்டையைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். வருஷம் ஒருமுறை அதை எடுத்து உதறி மகன்களிடம் காட்டுவாள். நல்ல உயரம், நல்ல குரல், தலை குனியாத பொம்பளை. முதலில் எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது.

"அப்படியே நம்ம அப்பத்தா" என்றாள் பேத்தி.

"நான் எந்தச் சட்டையக் காட்டுதேன்? ஒங்க அப்பன் சட்டையப் போலீசுல கொண்டு போயிச் சீல் வச்சிட்டாங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். வாசல் பக்கம் பார்த்தேன். இளையவன் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனை ஒரு வார்த்தை சொல்லித் தூண்டியது கிடையாது. ஆனால் டீக்கடையில் தூண்டினார்கள். "அண்ணனக் குடுத்துட்டு டிவில வெட்டு பாக்கான் பாரு" என்று அவன் காதுபடவே ஒருத்தன் சொன்னானாம். பக்கத்து வீட்டு அம்மாவின் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

சில நாள் போயிற்று. சோற்றைப் பிசைந்துகொண்டே மகன் திடீரென்று கேட்டான். "கண்ணாடிக்காரன் எப்பவும் பின்னால இருந்தே வாரான் ஆத்தா. முன்னால போயி நின்னா முடியாதா?"

"சீரியலு எடுக்கவனப் போயிக் கேளு" என்றேன்.

என் இளையவன் பிறவியிலேயே மீசைக்காரன் ஜாதி. சின்ன வயதிலிருந்து தட்டைத் தூக்கி எறிவான், கதவை உதைப்பான், செத்த நேரத்தில் வந்து மடியில் படுத்துக்கொள்வான். எனக்கு அது பழக்கம். அப்படிப்பட்டவன் அந்த மாதம் சாந்தமாகிவிட்டான். மாட்டுக்கொட்டகைக் கூரையைத் தானாகவே சரி பண்ணினான். ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியை அடைத்தான். என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்தான். சப்பட்டை மாம்பழம் வாங்கி வந்து, தோலைச் சீவித் துண்டு போட்டு என் கையில் கொடுத்தான். பேத்தியிடம், "எதுன்னாலும் அத்தைகிட்டக் கேளு, என்னட்டி?" என்றான். தெலுங்கு அம்மா, "உங்க பையனுக்கு எவ்ளோ பாசம்" என்று மூக்கில் விரல் வைத்தாள். எனக்கு மாம்பழம் இனிக்கவில்லை.

இதைத்தான் அந்த சீரியலில் காட்டினார்கள். பெரிய கொலைக்குப் போகுமுன் கண்ணாடிக்காரன் அம்மாவுடைய அடுப்படிக் குழாயைச் சரி பண்ணுவான். தங்கச்சிக்கு வளையல் வாங்குவான். கடைசியில் அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பி வைப்பான். மனதில் ஒன்றை முடித்துவிட்டவனுக்கு அப்புறம் யார் மேலும் கோபம் வராது. மிச்சம் இருக்கிற வேலையை முடித்து வைப்பான். அந்த இடம் வந்தபோது பேத்தி என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் மகன் சொன்னான். "வியாழக்கெழமை வாய்தாவுக்கு நீ வர வேண்டாம் ஆத்தா. நான் போயிட்டு வாரேன்."

"நாந்தானலே சாட்சி. நான் வராம எப்படி?"

"வக்கீல்கிட்ட பேசிட்டேன். அடுத்த வாய்தாவுக்கு வரலாமாம்."

பொய். அவன் போனதும் மோட்டார் ரூமுக்குள் போய்ப் பார்த்தேன். உரச் சாக்குக்குள் சுற்றி வைத்திருந்தான். புது அரிவாள். பிடியில் துணி சுற்றி, நுனியைத் தீட்டி வைத்திருந்தான். சாக்கை அப்படியே மடித்து வைத்துவிட்டு வந்தேன். ஒளித்து வைத்தால் வேறு ஒன்று வாங்குவான். போலீசுக்குச் சொன்னால், பெற்ற மகனை நானே உள்ளே தள்ளின கதை ஆகும். காலில் விழுந்து அழுதால், "சரி ஆத்தா" என்பான், தலையை ஆட்டுவான், கண்ணாடிக்காரனும் அவன் அம்மாவுக்குத் தலையை ஆட்டினான். மீசைக்காரனாக இருந்தவரைக்கும் என் பேச்சு அவனுக்குள் போகும். இப்போது போகாது.

எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. பகையாளி வீட்டில் கை நனைக்க மாட்டோம். பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டோம். வீட்டுக்கு மூத்தவர் ஒருத்தர் போய் அந்த வீட்டில் சோறு தின்று கை நனைத்துவிட்டால், அதோடு அந்த இரண்டு வீட்டாரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் கை ஓங்கக் கூடாது. ஓங்கினவன் கைக்குத் தண்ணீர் தர ஆள் இருக்காது. அவன் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் ஊர் வராது. கோர்ட்டு, கேஸ் அது பாட்டுக்கு நடக்கும். அரிவாள் மட்டும் நிற்கும். சீரியல் எடுத்தவர்களுக்கு இது தெரியவில்லை. தெரிந்திருந்தால் கண்ணாடிக்காரனைச் சோறு தின்ற வீட்டில் வெட்ட விட்டிருக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தேவதானம் பஸ் ஏறினேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தன் கேட்டான். "எங்க அத்தை, வீடு தெறக்க வந்தியளா?"

"சாப்பிட வந்தேன்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. நான் போகிற தெருவைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நாலைந்து பேர் பின்னாலேயே வந்தார்கள். வரட்டும், பார்க்கத்தானே வேண்டும்.

அந்த வீட்டு வாசலில் அவனுவளைப் பெற்றவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறம் கையில் இருந்து நழுவி அரிசி கொட்டியது.

"அக்கா..."

"சோறு ஆயிட்டா?"

"அக்கா, என்னக்கா..."

"ஆயிட்டான்னு கேட்டேன்."

"ஆயிட்டுக்கா. கருவாட்டுக் கொழம்புதான் வச்சேன். ஒங்களுக்குப் போயி..."

"ஏன், நான் கருவாடு திங்காதவளா? எலையப் போடு. உள்ள இல்ல, இங்க, வாசல்ல."

அவள் உள்ளே ஓடினாள். சின்னவன் மருந்தடிக்கிற மிஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், எழுந்து கை கூப்பினான். ஒரு காது மடல் கிழிந்து கோணலாக ஆறியிருந்தது.

"வாங்க பெரியம்மா. இம்புட்டு வெயில்ல வந்திருக்கிய. ஒரு போன் போட்டா நானே வந்து கூட்டியாந்திருப்பேன்ல."

டிவியில் கண்ணாடிக்காரன் இப்படிப் பேசினால் பின்னால் திகிலாக மியூசிக் போடுவார்கள். இங்கே கொட்டிய அரிசியைக் கோழி கொத்துகிற சத்தம்தான். அவன் என்னைப் பயமுறுத்தப் பேசவில்லை. நிஜமாகவே எனக்கு வெயில் ஆகாதே என்றுதான் பேசினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெரியவன் வைக்கோல் படப்புக்குப் பின்னால் இருந்து வந்து தடால் என்று காலில் விழுந்தான். ஆள் பாதியாகிவிட்டான். "பெரியம்மா, தூக்கம் வரல பெரியம்மா. அண்ணன் முதுவுல கால வச்சேனே. அந்தக் கால வெட்டிப் போடுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டான். என் காலை இழுத்துக்கொண்டேன். இவன் ஒருத்தன் மட்டும் என்றால் என்றைக்காவது ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ.

இலை வந்தது. அவள் ஊற்றிய தண்ணீரில் கை கழுவினேன். பாதியை என் சேலையில் ஊற்றிவிட்டாள். சோறு, கருவாட்டுக் குழம்பு. தெருவில் பத்திருபது பேர் நிற்கிறார்கள். முதல் வாய் இறங்கவில்லை. கண்ணுக்குள்ளே என் மகன் கழுத்து வாய் திறந்து நின்றது. பதில் சொல்லத் திறந்த அவன் வாயும் திறந்தே இருந்தது. தண்ணீரைக் குடித்துத் தள்ளினேன். இரண்டாவது வாயை அள்ளினேன். நான் நாலு பேர் முன்னால் தலை குனிந்தவள் இல்லை. இலைக்கு மட்டும்தான் அன்றைக்குக் குனிந்தேன். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

நான் பாதி தின்றுகொண்டிருக்கும்போதே சின்னவனுக்கு நான் வந்த காரியம் விளங்கிவிட்டது. பைக் சீட்டைத் தூக்கி, உள்ளே இருந்து ஒரு அரிவாளை எடுத்தான். தெருவில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அவன் அதைக் கொண்டுவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"தம்பி என்னைக்கு வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன் பெரியம்மா. வியாழக்கெழமைன்னு கேள்விப்பட்டேன். நானும் ரெடியாத்தான் இருந்தேன்."

என் இளையவன் போயிருந்தால் அவனும் அங்கே சாய்ந்திருப்பான். இதைச் சொல்லும்போது சின்னவன் குரல் லேசாக இடறியது. இந்த மாதிரி ஆளுக்குப் பயமே கிடையாது என்று பேத்தியின் மேடம் சொன்னார்களாம். இருக்கிறது. நான் பார்த்தேன். தன் உயிருக்குப் பயம் இருக்கிறது. அடுத்தவன் உயிர்தான் அவனுக்கு ஒன்றும் இல்லை.

"சாப்பிடுற எடத்துல அத வைக்காத. எடு" என்றேன். எடுத்தான்.

கை கழுவிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "நான் தின்னது மன்னிப்புக் குடுக்க இல்ல. வியாழக்கெழமை கூண்டுல ஏறி, பாத்தது அம்புட்டையும் சொல்லுவேன். நீங்க ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகணும். எம் மவன் போகக் கூடாது. அதுக்குத்தான் தின்னேன்."

அவர்களைப் பெற்றவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

நான் ராஜபாளையம் வந்து சேருமுன் சேதி போனில் வந்து சேர்ந்துவிட்டது. வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி சுவரோரம் நின்றாள், தெலுங்கு அம்மா அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் நடு வீட்டில், கையில் அந்தப் புது அரிவாள்.

"தின்னியா?"

"தின்னேன்."

"எங்க அண்ணன் ரத்தத்தப் பெசஞ்சு தின்னுட்டு வந்திருக்கியா?"

"ஆமாலே. பெசஞ்சுதான் தின்னேன். ஒன்னையும் அந்தச் சேத்துல வச்சுப் பாக்க எனக்குக் கண்ணு இல்ல."

"என்னையப் பொட்டையாக்கிட்டியே! நாளைக்கு எவன் மொகத்துல முழிப்பேன்?"

அரிவாளை ஓங்கினான். என் தலைக்கு மேல் நின்றது அது. நான் நகரவில்லை, ஓங்கினது மீசைக்காரன் என்று எனக்குத் தெரியும். முகம் கோணி, வாய் கோணி, எச்சில் தெறிக்க நின்றான். அந்த மாதம் முழுவதும் காணாமல் போயிருந்த என் மகன் திரும்பி வந்துவிட்டான் என்று உள்ளுக்குள்ளே ஒரு குளிர்ச்சி. அவன் திரும்பி டிவியை வெட்டினான். கண்ணாடி சிதறி என் காலில் ஏறியது. மறுபடி வெட்டினான். புகை வந்தது. சுவரை வெட்டினான், நாற்காலியை வெட்டினான், கதவு நிலையில் அரிவாள் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அப்படியே நிலையில் முட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். பேத்தி போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவன் கையைப் பிடியில் இருந்து எடுத்தாள்.

பேத்தியும் அன்று ராத்திரி முழுக்க என்னோடு பேசவில்லை. வெட்டுப்பட்டது அவள் அப்பன் அல்லவா. மறுநாள் என் காலில் ஏறிய கண்ணாடித் துண்டை ஊக்கால் எடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"கொழம்பு எப்படி இருந்துச்சு?"

"உப்பு கூட."

சிரித்துவிட்டாள். பிறகு என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழவில்லை.

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டு ஏறினேன். பார்த்ததைச் சொன்னேன். அவர்கள் வக்கீல் எழுந்தார். "ஏம்மா, முந்தாநாள் இவங்க வீட்ல விருந்து சாப்பிட்டீங்களாமே? மகனை வெட்டினவன் வீட்ல யாராவது சாப்பிடுவாங்களா? அப்போ இவங்க வெட்டலைன்னு உங்களுக்கே தெரியும், அதானே?"

எங்கள் பக்கத்து அரசு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஜட்ஜைப் பார்த்துச் சொன்னேன். "சாப்பிட்டேன் அய்யா. எம் மவன வெட்டுனதும் இவியதான். ரெண்டும் நெசம். ரெண்டையும் எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார்கள். என்ன எழுதினார்களோ. "கேஸக் கெடுத்துட்டீங்களேம்மா" என்று அரசு வக்கீல் வெளியே வந்து கோபப்பட்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவர்கள் தப்பித்தாலும் தப்பிக்கலாம். அதையும் தெரிந்துதான் அந்த இலையில் உட்கார்ந்தேன்.

கோர்ட்டு வாசலில் மகன் வெறுங்கையோடு நின்றான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான். சின்னவன் நின்று கை கூப்பினான். "தம்பி, வாரேன்" என்றான். என் மகன் வலது கை துடித்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, அவன் பைக் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. நான் பொங்கின சோற்றை அவன் தொடுவதில்லை. பேத்தி பொங்கினால் சாப்பிடுகிறான், இல்லையென்றால் கடை இட்லி. பகையாளி வீட்டில் இருப்பதுபோல என் வீட்டில் இருக்கிறான். இருக்கட்டும். இருக்கிறானே. நான் செய்தது சரி என்று அவன் சொல்ல வேண்டாம். ஏன் செய்தேன் என்று ஒருமுறை முழுதாகக் கேட்டால் போதும். வாயால் சொல்லப் போனால் எழுந்து போய்விடுகிறான். அதனால்தான் எழுதினேன்.

இந்தா, ஏட்டி, இங்க வா. கைய தொடச்சுட்டு வா. ஒஞ் சித்தப்பன் அந்த ரூம்ல கட்டில்லதான் படுத்திருக்கான். தூங்கல, காலு ஆடுது பாரு. இத மொதல்ல இருந்து வாசி. மெல்ல வாசிக்காத. நல்லா சத்தமா வாசி.